ஆயிரம் கண்ணுக்கு இருபது சிரட்டை

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் கதையை வன்னியில் கேளாத பிள்ளை இல்லை. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவியாக வருகிறாள். பொங்கிக் கொடுக்கிறார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை; கடல்நீரை ஊற்றச் சொல்கிறாள், எரிகிறது. பேன் பார்க்கச் சொல்கிறாள். மயிரை விலக்கினால் தலை நிறையக் கண்கள். இதை 40 நிமிட நாடகமாக்கியதில் பிடிபட்டவற்றை, நாட்டார் கதையை எடுத்து எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறோம்.

பிரதியில் வரும் பெரிய பிழை, பாத்திரங்களே அதிசயப்படுவது. சிறுவன் "ஐயோ, இதென்ன புதுமை!" என்று கத்தினால் சபைக்கு அதிசயப்பட ஒன்றும் மிஞ்சாது. பேனைப் பற்றிப் பேசுகிற மாதிரியே கண்ணைப் பற்றியும் பேசவேண்டும்:

கிழவி: மோனை, தலை கடிக்குது. ஒருக்காப் பார்.
சிறுவன்: பொறணை ஆச்சி. (விலக்குகிறான்) ஆச்சி, இதுக்குள்ள கண் கிடக்கு.
கிழவி: எத்தினை?
சிறுவன்: எண்ணேலாது. எல்லாம் என்னைத்தான் பாக்குது.

"எத்தினை?" என்ற இடத்தில் மத்தளம் நிற்கவேண்டும். மத்தளம் அடித்துக் கூத்தை நடத்தும் அண்ணாவியார் அந்த இடத்தில் உருட்டி அடிக்கத்தான் விரும்புவார். பொறுமையாகக் கேட்டு நிற்பாட்டுங்கள். நீளத்தையும் கவனியுங்கள். நாலு வரித் தரு (கூத்துப் பாட்டு) ஒன்று, பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாட, இரண்டு நிமிடம் பிடிக்கும். பாட்டும் வசனமும் கலந்த 14 பக்கம் 40 நிமிடத்துக்குக் காணும்.

இனிக் கண்கள். கறுப்புத் துணியில் வட்டக் கண்ணாடித் துண்டுகள் தைத்துப் பார்த்தோம். வெளிச்சம் முன்வரிசைக்காரரின் முகத்தில் அடித்தது, பார்வைக்குக் கல்யாணச் சேலை மாதிரியும் இருந்தது. சரிவந்தது சிரட்டை. தேங்காய்க்குத்தான் ஏற்கெனவே மூன்று கண் இருக்கிறதே. கண் உள்ள பாதியாக 20 எடுங்கள். தும்பைக் கண்ணாடி ஓட்டால் சுரண்டுங்கள். மூன்றில் ஒரு கண் மெல்லியது, ஆணியாலேயே திறக்கலாம். மற்ற இரண்டையும் துளைக்கவேண்டும். முதலில் 3 மில்லிமீற்றர், பிறகு 6. ஒரேயடியாகப் பெரிய ஊசியைப் போட்டால் காய்ந்த சிரட்டை வெடித்துவிடும். துளைகளின் உட்பக்கம் எண்ணெய்த்தாள் ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் நேரெதிரே இருப்பவருக்கு மட்டுந்தான் வெளிச்சம் தெரியும். உள்ளே ஒரு வெள்ளை எல்.ஈ.டி., அதன் இரண்டு காலுக்கும் நடுவில் 3 வோல்ட் வட்டப் பற்றரி, சுற்றி ரேப். வெள்ளை ஒளி நீலமாக அடிக்கும். ரொபி சுற்றிவரும் மஞ்சள் தாளை முன்னால் வைத்தால் விளக்கு நிறம் வரும். சிரட்டை வாயைக் கறுப்புத் துணியால் மூடி, பிடிக்க ஒரு இலாஸ்ரிக் தையுங்கள்.

சுவிட்ச் தேவையில்லை. கறுப்பு உடுத்த பத்துப் பேர், ஆளுக்கு இரண்டு சிரட்டையோடு கிழவிக்குப் பின்னால் நிற்பார்கள். கண் பக்கம் நெஞ்சோடு அழுந்தி இருக்கும். மணிக்கட்டைத் திருப்பினால் கண் திறக்கும். எல்லாரும் ஒன்றாகத் திருப்பினால் திருவிழாச் சோடனை ஆகிவிடும். முதலில் ஒன்று, ஒரு மூச்சு விட்டு இரண்டு, அதன்பிறகுதான் மற்றவை. கண்கள் 60தான், ஆனால் இருட்டில் எண்ண முடியாது.

கடல்நீர் விளக்கை மட்டும் மேடையில் எரிக்கவேண்டாம். உப்புநீருக்கு மேல் எண்ணெய் மிதக்கவிட்டு எரிக்கும் வித்தை எளிது. ஆனால் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் விளக்கேற்றி, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குக் கொண்டுபோவது இன்றைக்கும் நடக்கிற வழிபாடு. அதை மேடையில் தந்திரமாக்கினால் ஊர் மனம் நோகும், நோவதும் நியாயம். நாங்கள் விளக்கே வைக்கவில்லை. சிறுவன் செம்பைத் தோளளவு உயர்த்தி வெறும் பானைக்குள் ஊற்றுகிறான். தண்ணீர்ச் சத்தத்தோடு அவன் முகத்தில் மட்டும் வெளிச்சம் மெல்ல ஏறுகிறது. இதையும் கோயில் பெரியவர்களிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

அனுமதி அலுவலை முன்கூட்டியே தொடங்குங்கள். நாடகப் பிரதிகளைப் பார்க்கும் சபை கொழும்பில் இருக்கிறது. அதற்கு அடிப்படை 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். கனவு மாதிரிப் போகும் பிரதியை வாசிப்பவர் அதற்குள் வேறு அர்த்தம் தேடுவார். மூலக் கதையை ஒரு பக்கத்தில் எழுதி முன்னால் இணையுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேறு.

மாரியில் வெளிமேடை சரிவராது, அறுவடை முடியும்வரை ஒத்திகைக்கும் ஆள் சேராது. மிஞ்சுவது தென்மேற்கிலிருந்து காற்று வீசும் சோளகக் காலம். அந்தக் காற்றில் பின்திரை பாய்மரம் போலப் புடைத்து, நிற்கிறவர்களை முன்னால் தள்ளும். திரையின் அடிக்கரையைக் குழாய்போல மடித்துத் தைத்து, மணல் நிரப்புங்கள். மைக்குக்குத் தடித்த பஞ்சுறை போடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பாய் விரிக்கும்போது மேடையிலிருந்து ஐந்து யார் தூரம் தள்ளி விரியுங்கள். அதைவிடக் கிட்ட இருந்தால் சிரட்டைதான் தெரியும்.