உப்பிய பேட்டரியும் ஒரு ஜாப் ஷீட்டும்

வாரண்டிச் சண்டையில் பாதி, சர்வீஸ் சென்டர் கவுன்டரில் ஜாப் ஷீட், அதாவது பொருளை எந்த நிலைமையில் வாங்கினார்கள் என்ற சீட்டு, எழுதும் நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் போன், மெயில், நோட்டீஸ் எல்லாம். கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்டு ஒன்றுக்காக நான் இத்தனையும் செய்தேன். விலை 3,999 ரூபாய். "இந்தக் காசுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா, போனாப் போகுதுன்னு விடு" என்றார்கள் வீட்டில். கம்பெனிக்காரர்களும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

பேண்டு ஆன்லைனில் வாங்கியது. பெட்டியில் கொட்டை எழுத்தில் '5 ஏடிஎம்', தண்ணீர் தாங்கும் அளவு அது. விளம்பரத்தில் ஒரு பையன் அதைக் கட்டிக்கொண்டே நீச்சல் குளத்தில் பாய்கிறான். நான் குளத்துப் பக்கமே போகிறவள் இல்லை. காலையில் கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸில் நடை, ராத்திரி தூக்கக் கணக்கு, அவ்வளவுதான் அதற்கு வேலை. ஒரு வருட வாரண்டி முடிய இன்னும் சில மாதம் இருந்தபோது சார்ஜ் நிற்காமல் போனது. வாரம் ஒருமுறை சார்ஜ் போட்ட சாமான், ஒரு பகல் கூடத் தாங்கவில்லை. அப்புறம் திரையின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டது. நகத்தை நுழைக்கலாம் போல் இடைவெளி. அதற்கும் பிறகுதான் கண்ணாடிக்கு உள்ளே மூட்டம் போட்டது. முதலில் சார்ஜ், அடுத்து திரை, கடைசியில் மூட்டம். இந்த வரிசை முக்கியம். பின்னால் என் வாதமே இதன் மேல்தான் நின்றது.

ஏன் என்று சொல்கிறேன். இந்த மாதிரி பேண்டுகளில் பெரும்பாலும் திருகு இருக்காது. திரையைப் பசை வைத்து உடம்போடு ஒட்டியிருப்பார்கள். உள்ளே இருப்பது லித்தியம் பாலிமர் பேட்டரி. உறை மெல்லிய ஃபாயில், டப்பா கிடையாது. உள்ளே ரசாயனம் கெட்டு வாயு உண்டானால் உறை உப்பும். இருக்கிற கொஞ்சம் இடத்தில் உப்பினால் அது தள்ளுவது திரையைத்தான். பசை விடும். பசை விட்டபிறகு 5 ஏடிஎம் ஆவது ஒன்றாவது, கை கழுவுகிற தண்ணீர் உள்ளே போக அது போதும். ஆக, தண்ணீர் புகுந்து பேட்டரி கெட்டது என்பது ஒரு கதை. பேட்டரி கெட்டதால் தண்ணீர் புகுந்தது என்பது வேறு கதை. முதல் கதை என்றால் செலவு நம்முடையது, இரண்டாவது என்றால் கம்பெனியுடையது.

உப்பல் தெரிந்ததும் பேண்டைக் கழற்றி வைத்துவிட்டேன், அதன்பிறகு சார்ஜே போடவில்லை. இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. ஃபிட்பிட் அயானிக் என்ற வாட்சை, பேட்டரி சூடேறிக் கையைச் சுட்டதால் 2022 மார்ச்சில் திரும்பப் பெற்றார்கள், வாங்கியவர்களுக்கு 299 டாலர் கொடுத்தார்கள். என்னுடையது வேறு கம்பெனி, ஆனால் லித்தியத்துக்குக் கம்பெனி பேதம் தெரியாது.

சர்வீஸ் சென்டர் காந்திபுரத்தில், ஒரு மாடிப்படிக்கு மேலே. டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். கவுன்டரில் இருந்த பையன் நல்ல மாதிரி. பேண்டைத் திருப்பிப் பார்த்தான், டார்ச் அடித்துப் பார்த்தான்.

"உள்ள தண்ணி போயிருக்குங்க்கா. லிக்விட் டேமேஜ். வாரண்டில வராதுங்க."

"தம்பி, பெட்டியில 5 ஏடிஎம்னு போட்டிருக்கே?"

"அது போட்டிருப்பாங்க்கா. பாலிசி இப்படித்தானுங்க."

அவனிடம் வாதாடிப் பயனில்லை. பாலிசி எழுதியது அவன் இல்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று. "நீங்க என்ன முடிவு வேணாலும் எழுதுங்க. ஆனா கண்ணுல தெரியறதையும் எழுதிக் குடுங்க. திரை ஒரு ஓரம் தூக்கியிருக்கு. பேட்டரி உப்பியிருக்கு. வெளிய கீறல் இல்ல, அடிபட்ட தடம் இல்ல, பிரிச்ச தடம் இல்ல."

பையன் தயங்கினான். உள்ளே போய் மேனேஜரைக் கேட்டான். அவர் வந்து, "அதெல்லாம் டெக்னீசியன் பார்த்துட்டுதான் மேடம் எழுத முடியும்" என்றார். "டெக்னீசியன் பார்க்கறதுக்கு முன்னாடி என் கையிலிருந்து எந்த நிலைமையில வாங்கினீங்கன்னு எழுதறதுக்கு டெக்னீசியன் எதுக்கு சார்?" என்றேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் அவரே எழுதினார்: 'திரை தூக்கல், பேட்டரி உப்பல், வெளிச்சேதம் இல்லை.' கீழே முத்திரையும் கையெழுத்தும். அதை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வரிதான் இந்தக் கதையின் நாயகன். அது இல்லாமல் பேண்டை ஒப்படைத்திருந்தால், உள்ளே திறந்தபிறகு எது முதலில் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. திறக்கும்போதே பசை பிய்ந்துவிடும்.

இந்த 5 ஏடிஎம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 50 மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தத்துக்கு ஈடு என்று அர்த்தம். ஆனால் அது சோதனைக் கூடத்து அழுத்தம். அசையாத பொருள், புதுப் பொருள். கட்டிக்கொண்டு 50 மீட்டர் முங்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. சுடுதண்ணீர்க் குளியல், நீராவி, சோப்பு, எல்லாமே பசையையும் ரப்பரையும் தளர்த்தும். நாளாக ஆகத் தாங்குதிறன் குறையும் என்று வாரண்டித் தாளில் பொடி எழுத்தில் அவர்களே போட்டிருக்கிறார்கள். ஆகவே கம்பெனி சொல்வது சுத்தப் பொய் என்று சொல்ல மாட்டேன். படத்தில் நீச்சல் குளத்தைக் காட்டி விற்றுவிட்டு, கை கழுவிய தண்ணீருக்கு லிக்விட் டேமேஜ் என்று எழுதுவதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

பிறகு வழக்கமான படலம். கஸ்டமர் கேரில் டிக்கெட் எண் கொடுப்பார்கள். இரண்டொரு நாளில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வரும். என்ன தீர்ந்தது என்று கேட்டால் புது டிக்கெட். பேண்டை வாங்கிக்கொள்ளுங்கள், ரிப்பேர் கிடையாது என்று சென்டர் கைவிரித்ததும், பெங்களூருக்கு கூரியரில் அனுப்பச் சொன்னார் சாட்டில் வந்த ஒருவர். கூரியர் ஆபீஸில் பேட்டரி உப்பியிருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் சொன்னது சரி. பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றவே தடை இருக்கிறது. இதையும் மெயிலில் எழுதினேன்: 'நீங்கள் சொல்லும் வழியில் அனுப்ப முடியாது, உங்கள் கோயம்புத்தூர் சென்டரே வாங்கிக்கொள்ள வேண்டும்.' போனில் பேசியதை எல்லாம் அன்றன்றே இப்படி ஒரு மெயிலாக எழுதி அனுப்பிவிடுவேன். போன் பேச்சுக்கு நாளைக்குச் சாட்சி கிடையாது.

விற்ற தளமோ, ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது, கம்பெனியைப் பாருங்கள் என்றது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர்களுக்கென்று ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலரின் முகவரி தளத்தின் அடியில், யாரும் உருட்டிப் பார்க்காத இடத்தில் இருந்தது. அவருக்கும் ஒரு மெயில். பதில் ஒழுங்காக வந்தது, உபயோகம் இல்லை.

அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டு, பில் எண், மாடல், டிக்கெட் எண் எல்லாம் பதிந்துகொண்டார். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இதைக் கோர்ட் என்று நினைக்கிறார்கள். 1915க்கு யாருக்கும் உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. நம் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், வழக்குக்கு முந்தைய சமரச முயற்சி அது. எனக்கு வந்த பதிலில் மறுபடியும் அதே லிக்விட் டேமேஜ். ஆனால் ஒரு லாபம் கிடைத்தது. அதுவரை சாட்டில் பெயரில்லாமல் பேசிக்கொண்டிருந்த கம்பெனி, முதன்முறையாக அதிகாரபூர்வமாக எழுத்தில் ஒரு காரணத்தைச் சொல்லியிருந்தது. அந்தக் காரணமும் அவர்களுடைய சென்டரே எழுதிய ஜாப் ஷீட்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

அப்புறம்தான் சட்டத்தைப் படித்தேன். வக்கீல் வைக்கவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நம் பக்கம் சாதகமாக நிறைய இருக்கிறது. கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். 2025 ஜனவரியில் வந்த ஈ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். பொருள் எவ்வளவு காலம் உழைக்கும், எப்படி உழைக்கும் என்று முறையான சோதனை இல்லாமல் உத்தரவாதம் கொடுப்பதைக்கூட நியாயமற்ற வணிக நடைமுறை என்றே சட்டம் சொல்கிறது.

பாதகமும் உண்டு. குறைபாட்டைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது என்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அந்தக் கட்டணத்தை முதலில் நம்மைக் கட்டச் சொல்லலாம். சோதனை இல்லாத வழக்கை மூன்று மாதத்திலும், சோதனை உள்ளதை ஐந்து மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடப்பில் வாய்தா வாய்தாவாகப் போகும் என்று ஆணையத்தில் வழக்கு நடத்திய என் சித்தப்பா சொன்னார். "நோட்டீஸ்லயே முடிக்கப் பாரு கண்ணு. கேஸ் போடுவேன்னு அவனுக்குத் தெரியணும், ஆனா போடற நிலைமை வராம இருக்கணும்" என்பது அவர் யோசனை.

நோட்டீஸ் கட்டாயம் என்று சட்டத்தில் இல்லை, ஆனாலும் வழக்கம். ஒரே பக்கம், நானே எழுதினேன். கோபமான வார்த்தை ஒன்றுகூட வைக்கவில்லை. வாங்கிய தேதி, பில், பெட்டியில் போட்ட உறுதி, கெட்ட வரிசை, ஜாப் ஷீட்டில் அவர்கள் சென்டர் எழுதிய வரி அப்படியே மேற்கோளாக, அதற்கு முரணாக 1915க்கு அவர்கள் தந்த பதில். கேட்பது: பில் தொகை முழுவதும். 15 நாளில் பதில் இல்லையென்றால் கோயம்புத்தூர் மாவட்ட ஆணையம். தயாரிப்பாளர், இறக்குமதியாளர், விற்ற கடை, தளம், எல்லாருக்கும் ஒப்புகை அட்டையோடு தபாலில். தயாரிப்பாளர், இறக்குமதியாளர் முகவரிகளைத் தேடி அலைய வேண்டாம், பெட்டியிலேயே இருக்கும், பொட்டலப் பொருள் விதிகளின்படி அச்சிட்டே ஆக வேண்டும். பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டவர்கள்தான் பாவம். பரணில் இடமில்லை என்றால் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டாவது போடுங்கள்.

இந்த முறை போன் செய்தவர் கஸ்டமர் கேர் இல்லை, முற்றிப்போன புகார்களைப் பார்க்கும் 'எஸ்கலேஷன் டீம்'. குரலே வேறு. புது பேண்டு தருகிறோம், நல்லெண்ண அடிப்படையில், ஒருமுறை விதிவிலக்காக என்றார். வாரண்டி எவ்வளவு என்று கேட்டேன். பழையதில் மிச்சம் இருப்பது மட்டும். அதாவது சொற்ப வாரங்கள்.

ஆஸ்திரேலியாவில் இதே விஷயத்துக்கு ஃபிட்பிட் நிறுவனம் கோர்ட் வரை போனது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. மாற்றிக் கொடுத்த கருவியும் கெட்டுப்போய் வந்தவர்களிடம், முதல் கருவியின் வாரண்டிக் காலம் முடிந்துவிட்டது, இனி எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அது அந்நாட்டு நுகர்வோர் உரிமையைத் தவறாகச் சொன்னதாகும் என்று 2023இல் அவர்களுக்கு 1.1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம். அந்தச் சட்டம் இங்கே செல்லாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் மாற்றுக் கருவி என்ற வார்த்தையைக் கேட்டதும் கையை நீட்டக் கூடாது என்பதற்கு அது நல்ல எச்சரிக்கை. என் ஆபீஸில் ஒருவருக்கு மாற்றி வந்த பேண்டில், சார்ஜ் ஏறும் பின்களில் வியர்வை உப்பு அரித்துப் பச்சை படிந்து, வாரண்டி முடிந்த கையோடு அதுவும் படுத்துவிட்டது.

வேண்டாம், பணம் கொடுங்கள் என்றேன். தேய்மானம் கழித்துத் தருகிறோம் என்றார்கள். மறுத்தேன். கூப்பனாகத் தருகிறோம் என்றார்கள். அதையும் மறுத்தேன். நடுவில் ஈ-ஜாக்ரிதியில் கணக்குத் திறந்து, மனுவைத் தட்டச்சு செய்து, சமர்ப்பிக்காமல் வைத்த பக்கத்தைப் படம் எடுத்து அவர்களுக்கு மெயிலில் போட்டேன். அது கொஞ்சம் நாடகம்தான், ஒப்புக்கொள்கிறேன். வேலை செய்தது.

முழுத் தொகையும் தருவதாக ஒரு ஒப்பந்தக் கடிதம் வந்தது. 1915 புகாரை முடித்துக்கொள்ள வேண்டும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை சரி. மூன்றாவதாக, 'பொருளில் தயாரிப்புக் குறைபாடு எதுவும் இல்லை என்பதை வாடிக்கையாளர் ஏற்கிறார்' என்று ஒரு வரி. அதை மட்டும் பேனாவால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, ஸ்கேன் செய்து திருப்பி அனுப்பினேன். எதிர்ப்பே வரவில்லை. அந்த வரியை அடிக்கிறவர்கள் குறைவு போலிருக்கிறது.

பேண்டை காந்திபுரம் சென்டரிலேயே வாங்கிக்கொண்டார்கள். அதே பையன்தான் இருந்தான். "அக்கா, காசு வந்துருச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். வரும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். பேண்டு போய்ச் சேர்ந்ததற்கும் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டுதான் படி இறங்கினேன். அடுத்த வாரம் 3,999 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்தது. தபால் செலவு, ஆட்டோ செலவு, லீவு போட்ட நாள், எதற்கும் ஒரு பைசா இல்லை. அதற்கும் கேட்டிருக்கலாம் என்றார் சித்தப்பா. அதற்கு ஆணையத்துக்கே போயிருக்க வேண்டும், எனக்கு அவ்வளவு தெம்பு இல்லை.