ஆல்ட்டோவின் வலது முன்சக்கரம்: ஒரு மே மாத நாட்குறிப்பு

17 மே 2025, சனி

ஒரு மாதமாக வலது முன்சக்கரத்தில் 'டொக், டொக்' என்று சத்தம். திருவட்டாறிலிருந்து குளச்சல் பக்கம் இருக்கிற எங்கள் பள்ளிக்குப் போகும் வழியில் குழிக்குப் பஞ்சமில்லை. கனிம லாரிகள் ஓடி ஓடி அலை அலையாகிப்போன சாலை. எந்தக் குழியில் சத்தம் வரும் என்பது எனக்கு மனப்பாடம். இப்போது பிரேக் போட்டாலும் வருகிறது.

வண்டி அப்பாவுடைய 2008 ஆல்ட்டோ. பள்ளி ஜூன் 2-ம் தேதி திறக்கிறது. அதற்குள் நானே இதைச் சரி செய்யப் போகிறேன். பதினோரு வருடமாக பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சுருள்வில்லும் தடையுறு அலைவும் நடத்துகிறேன். கரும்பலகையில் வரைந்த அந்தச் சுருளை ஒரு தடவையாவது கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

இன்று சோதனை மட்டும். பானட்டின் வலது மூலையை அழுத்திக் கையை எடுத்தேன். சக்கரத்தின் ஆட்டத்தை அடக்குகிற குழாய்தான் ஷாக். நல்ல ஷாக் என்றால் ஒரு தடவை எழும்பி அடங்கிவிடும். இது மூன்று தடவை ஆடியது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஷாக்கின் உடம்பெல்லாம் எண்ணெய் வழிந்து, அதன்மேல் புழுதி சேறாக அப்பிக் கிடந்தது. ஸ்டெபிலைசர் பார் என்கிற குறுக்குக் கம்பியின் நுனி, சக்கரத்தைக் கீழிருந்து பாடியோடு பிடிக்கும் லோயர் ஆர்முக்குள் நுழைகிற இடத்தில் ரப்பர் புஷ் (இடையில் போடும் ரப்பர் வளையம்) பிய்ந்து தொங்கியது. இந்த வண்டியில் அந்தப் பாருக்கு இரண்டு வேலை. வளைவில் வண்டி சாயாமல் பார்ப்பது ஒன்று. ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது இன்னொன்று. புஷ் போய்விட்டால் பிரேக் போடும்போது சக்கரமே கொஞ்சம் பின்னால் போய்த் தட்டும். சத்தத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

ஷாக் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் இரண்டும் இரண்டு விதமாக அடங்கும். லோயர் ஆர்ம் வலதுக்கு மட்டும். ஸ்டெபிலைசர் புஷ் எல்லாம்.

18 மே, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். மாலை ஐந்து வரை ஒரு நட்டு கூடக் கழலவில்லை.

நான் பார்த்த வீடியோக்களில் எல்லாம் இருபது நிமிடத்தில் ஷாக் வெளியே வந்துவிடுகிறது. அந்த வண்டிகள் கடற்காற்றில் நின்றதில்லை போல. எங்கள் பள்ளி மைதானத்தில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். எட்டு வருடம் அந்த உப்புக் காற்றில் நின்ற வண்டி இது. போல்ட்டின் மரை எங்கே முடிகிறது, துரு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மிகவும் படுத்தியது ஒரு சின்னக் கம்பி. ஸ்டெபிலைசர் பாரின் நுனியில் இருக்கும் நட்டு, கோட்டைச் சுவர் போல வெட்டு வெட்டாக இருக்கும். அந்த வெட்டு வழியாக ஒரு ஸ்ப்ளிட் பின் போகும். பின்னின் இரண்டு கால்களை நிமிர்த்தி, தலையைப் பிடித்து இழுத்தால் வர வேண்டும். ஒரு காலை நிமிர்த்தும்போதே ஒடிந்தது. மற்றதை மூக்குக் குறட்டால் பிடித்தேன், அதுவும் ஒடிந்தது. தலையும் போயிற்று. இப்போது துளைக்குள் மிச்சம் இருக்கிறது, பிடிக்க ஒன்றும் இல்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு, கண்ணில் துருப் பொடி விழ விழ, ஆணியும் சுத்தியலுமாக இரண்டு மணி நேரம் தட்டினேன். ஆணி வளைந்ததுதான் மிச்சம்.

இரவு இதை எழுதும்போது கை நடுங்குகிறது. அழுகை வருகிறது என்பதையும் எழுதி வைக்கிறேன். வேலை கடினமாக இருப்பது கூடப் பரவாயில்லை. இப்படித்தான் இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லையே என்பதுதான் ஆற்றாமை. கழற்றுவது முக்கால் வேலை, மாட்டுவது கால் வேலை என்று முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒரு நாளுக்குப் பதில் ஒரு வாரம் ஒதுக்கியிருப்பேன்.

19 மே, திங்கள்

துரு விடுவிக்கிற எண்ணெயைக் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை அடித்தேன். கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. ஊற விடுவதும் வேலைதான்.

20 மே, செவ்வாய்

கழன்றது! பக்கத்து வீட்டு மெக்கானிக் அண்ணன் வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தார். "டீச்சரே, ஆணி பத்தாது, பஞ்ச் வேணும்" என்று சொல்லி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாவது அடியில் பின்னின் மிச்சம் கீழே விழுந்தது. ரிங் ஸ்பேனரில் இரண்டடி ஜிஐ பைப்பைச் செருகி நெம்பினேன். 'கிர்ர்' என்று ஒரு கால் சுற்று. அந்தச் சத்தத்தை மறக்க மாட்டேன். வாய் திறந்த ஸ்பேனரைப் பழைய நட்டில் போடவே கூடாது. முனை மழுங்கிவிட்டால் லேத்துக்காரரிடம்தான் போக வேண்டும்.

ஷாக்கை நக்கிளோடு, அதாவது சக்கரம் மாட்டியிருக்கும் இரும்போடு, பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றும் முன் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டுக்கொண்டேன். அந்தத் துளைகளில் இம்மி இடைவெளி இருக்கிறது. இடம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறும்.

ஷாக் விடுபட்டதும் நக்கிள் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். அப்படியே விட்டால் பாரம் முழுக்க பிரேக் ஹோஸில் தொங்கும். இழுத்துவிட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட்டும் விலகிவிடும். தென்னை நார்க் கயிற்றால் மேலே இழுத்துக் கட்டினேன்.

மேலே பானட்டுக்குள் ஒன்று கவனிக்க வேண்டும். ஓரத்தில் இருக்கும் நட்டுகள் ஷாக்கை பாடியோடு பிடிப்பவை. நடுவில் இருக்கிற பெரிய நட்டு சுருளைப் பிடித்து வைத்திருப்பது. சுருளை அமுக்காமல் நடு நட்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. எனக்கே முதலில் கை நடு நட்டுக்குத்தான் போனது.

21 மே, புதன்

இன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

சுருளை அமுக்கும் கருவி இரண்டை மாமா மகன் கொடுத்திருந்தான். நீளமான திருகுகள், இரண்டு முனையிலும் கொக்கிகள். சுருளின் இரண்டு பக்கமும் மாட்டி, மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். பாதி அமுங்கியிருந்தது. அடுத்த முறுக்கில் ஒரு கொக்கி சுருளின் வளைவில் ஒரு விரற்கடை வழுக்கியது. 'டங்!' சுருள் ஒரு பக்கம் வாழைக்காய் போல வளைந்து நின்றது. ஸ்பேனரை மெதுவாக வைத்துவிட்டு எழுந்து பின்னால் போய்விட்டேன்.

திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு மில்லிமீட்டர் அமுக்க சுமார் 2 கிலோ பாரம் வேண்டும், 10 செ.மீ. அமுக்கியிருக்கிறேன் என்று வைத்துக்கொண்டால், உள்ளே அடைபட்டிருக்கும் ஆற்றல் 100 ஜூல். 10 கிலோ கருங்கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது எவ்வளவோ அவ்வளவு. அது கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சின்ன இரும்புத் தட்டை முகத்தை நோக்கி எறியும். ½kx² என்று எத்தனை வருடம் எழுதிப் போட்டிருக்கிறேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது இன்றைக்குத்தான்.

தூரத்தில் நின்று, கையை நீட்டி, அரை அரைச் சுற்றாகத் தளர்த்தி இரண்டையும் கழற்றினேன். ஒரு மணி நேரம் ஆனது.

இந்த ஒரு வேலையை நான் செய்யப் போவதில்லை. தக்கலையில் ஒரு பட்டறையில் தரையில் பதித்த பிரஸ் இருக்கிறது. நாளை இரண்டு ஷாக்கையும் அங்கே கொண்டு போகிறேன்.

22 மே, வியாழன்

பட்டறையில் இரண்டு சுருளும் புது ஷாக்கில் ஏற கால் மணி நேரம். 400 ரூபாய். ஷாக்கின் மேல் முனையில் இருக்கும் மவுண்ட்டின் பேரிங்கும் சொரசொரவென்று சுற்றியதால் அதையும் மாற்றச் சொன்னேன்.

ஒரே குழாய் சக்கரத்தையும் தாங்கி ஆட்டத்தையும் அடக்குகிற இந்த அமைப்பு எர்ல் மேக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளருடையது. 1950-ல் வந்த ஃபோர்டு கான்சல் காரில் இதுதான் இருந்தது. எழுபத்தைந்து வருடம் கழித்தும் சின்னக் கார்களில் இதுவே ஓடுகிறது. இடம் மிச்சம், உதிரி குறைவு. ஆனால் ஷாக் மாற்ற வேண்டுமென்றால் சுருளோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர் சிக்குவது அங்கேதான்.

வீட்டுக்கு வந்து லோயர் ஆர்ம் பெட்டியைப் பிரித்தால் அது இடது பக்கத்துக்கானது. கடையில் வலது என்று இரண்டு தடவை சொல்லியிருந்தேன். பெட்டியின் மேலும் வலது என்றே எழுதியிருந்தது. கோபம் வந்தது. பழைய ஆர்மைக் கையோடு கொண்டுபோய் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கியிருக்கலாம். நாளை மறுபடி ஒரு பஸ்.

24 மே, சனி

கேரளத்தில் இன்று தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை அறிவித்தது. வழக்கமாக ஜூன் 1. இவ்வளவு முன்கூட்டி வந்து 2009-க்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்கிறார்கள். கேரளத்தில் இடித்தால் எங்களுக்கும் கொட்டும். நேற்று இரவு முழுக்க மழை.

எங்கள் முற்றம் செம்மண். காலையில் பார்த்தால் வண்டி வலது பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஜாக்கி ஸ்டாண்டின் இரண்டு கால் மண்ணில் நாலு விரற்கடை இறங்கிவிட்டது. கதவுக்கு அடியில் இருக்கிற விளிம்பு, நான் முதல் நாளே கழற்றிக் கீழே படுக்க வைத்த சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்தச் சக்கரத்தை அங்கே போடச் சொன்னது அப்பா. அது இல்லையென்றால் வண்டி முழுக்க இறங்கியிருக்கும். பகலில் நான் அடியில் படுத்திருக்கும்போது இறங்கியிருந்தால்? அதை நினைக்க நெஞ்சு படபடக்கிறது.

அப்பாவும் நானும் வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டுக்கு அடியில் அகலமான பலாப் பலகை போட்டோம். மழை விடும் வரை கையை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

27 மே, செவ்வாய்

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மழையானால் பால் வெட்டு இல்லை, அதனால் அப்பா வீட்டில்தான். எங்களுக்கு இருப்பது நாற்பது ரப்பர் மரம். அவர் கை படாத நாள் அவற்றுக்குக் குறைவு.

ஸ்டெபிலைசர் பாரின் நடுப் புஷ்ஷை ஏற்ற முடியவில்லை. வழுக்கட்டும் என்று துரு எண்ணெயை அடிக்கப் போனேன். அப்பா கையைப் பிடித்துவிட்டார்.

"மக்ளே, எண்ணெயக் காட்டாத. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது பாத்துக்க."

அத்தோடு விடவில்லை. புகைக்கூட்டிலிருந்து ஒரு துண்டு ரப்பர் ஷீட்டை வெட்டி, சிரட்டையில் டீசல் ஊற்றி அதில் போட்டு வைத்தார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தோம். துண்டு தடித்துப் போயிருந்தது. விரலால் அழுத்தினால் அழுத்திய இடம் குழைந்தது, ஓரம் வழுவழுவென்று பிய்ந்து வந்தது. புஷ்ஷில் இருப்பது கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர், இவ்வளவு சீக்கிரம் குழையாது. ஆனால் வகை அதுதான். சட்டமும் சக்கரமும் இடைவிடாமல் இடித்துக்கொள்ளும் இடத்தில் தாங்குவதற்கு மரத்து ரப்பரைப் போல ஒன்றில்லை என்பதால்தான் அதைப் புஷ்ஷுக்கும் மவுண்ட்டுக்கும் போடுகிறார்கள். சோப்புத் தண்ணீர் தடவினேன். சர்ரென்று ஏறியது. காய்ந்ததும் பிடித்துக்கொண்டது.

இடது பக்கம் மாட்டுவது இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. கைக்குப் பழகிவிட்டது.

29 மே, வியாழன்

எல்லாம் மாட்டி, எல்லா நட்டையும் முறுக்கி, சக்கரம் போட்டு இறக்கினேன். 'டொக்' போய்விட்டது. ஆனால் வண்டியின் மூக்கு தூக்கி நிற்கிற மாதிரி இருந்தது. மேடு ஏறி இறங்கினால் விறைப்பு.

மெக்கானிக் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்: "சக்கரம் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்ட முறுக்கிட்டீங்களா?"

ஆமாம்.

ஆர்ம் பாடியோடு சேரும் இடத்துப் புஷ்ஷின் நடுவில் இருக்கும் இரும்புக் குழலை போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு குழல் சுற்றாது, ரப்பர்தான் முறுக்கும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக் கிடக்கும். ஓடும்போது இன்னும் முறுக்கும், சீக்கிரமே கிழியும். நான் பார்த்த எந்த வீடியோவிலும் இது இல்லை.

கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக குழலுக்கும் ஆர்முக்கும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன். முன்சக்கரம் இரண்டையும் தடித்த பலகை அடுக்கின் மேல் ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்படி அடியில் போய் ஆர்ம் போல்ட்டைத் தளர்த்தினேன். 'டப்' என்று ஒரு சத்தம். ஒரே கோடாக இருந்தது இரண்டாக விலகியது. அவ்வளவு முறுக்கையும் அந்த ரப்பர் சுமந்துகொண்டு நின்றிருக்கிறது. அப்படியே மறுபடி இறுக்கினேன். இடது பக்கமும் அதே போல. மூக்கு இறங்கிவிட்டது.

31 மே, சனி

காலையில் தக்கலையில் வீல் அலைன்மென்ட். ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு கோடு போட்டு மாட்டினாலும் ஷாக்கைக் கழற்றினால் இது அவசியம். திரையில் சிவப்பாக இருந்த எண்கள் பச்சையாக மாறும் வரை பக்கத்திலேயே நின்றேன். கிளம்பும் முன் ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தேன். நட்டு தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நாளை முதல் மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். "குளச்சலுக்குப் போய் மீன் வாங்கிட்டு வருவமா?" என்று அப்பாதான் கேட்டார். திங்கள்சந்தை வழியாகப் போனோம். எனக்கு மனப்பாடமான குழிகள் ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே இறக்கினேன். அப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். காற்றுச் சத்தம்தான்.

அயிலையும் கொஞ்சம் நெத்திலியும் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் மீனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். கோடுகள் எல்லாம் நேராக இருந்தன.