புள்ளி தப்பாமல் பக்கத்தைப் படம் பிடிப்பது எப்படி?

இரவல் புத்தகங்களைப் படம் பிடித்து, ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் கண்டு தரும் மென்பொருள்) மூலம் உரையாக மாற்றி வைத்துக்கொண்டுதான் நான் தேர்வுக்குப் படித்தேன். ஒரு சொல்லைத் தட்டினால் அது எந்தெந்தப் பாடத்தில் வருகிறது என்று வரிசையாக வந்து நிற்கும். திருப்புதல் சமயத்தில்தான் அதன் அருமை தெரியும். இதைத் தொடங்குகிறவர்கள் முதலில் எந்த ஆப் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் படத்தைப் பாருங்கள் என்பேன். எழுத்து சரியாக விழாத படத்திலிருந்து எந்த ஆப்பாலும் சரியான உரையை எடுக்க முடியாது.

தமிழுக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. படம் எடுத்ததும் நன்றாகப் பெரிதாக்கி, ஒரு மெய்யெழுத்தைப் பாருங்கள். புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறதா? 'கீ', 'ழி' போன்றவற்றில் மேல்சுழியின் வளைவு தெளிவாக இருக்கிறதா? இரண்டும் சரியென்றால் அந்தப் படம் தேறும். புள்ளி மங்கினால் 'கல்வெட்டு' என்பது 'கலவெடடு' ஆகிவிடும். சுழி மங்கினால் குறிலும் நெடிலும் இடம் மாறும். ஒரு பக்கம் எடுத்து, உரையாக மாற்றிப் பார்த்து, திருப்தியான பிறகு மீதிப் புத்தகத்துக்குப் போங்கள்.

ஓசிஆருக்கு 300 டிபிஐ, அதாவது தாளின் ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல், வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏ4 தாள் என்றால் அது ஏறக்குறைய 2480க்கு 3508 பிக்சல். 12 மெகாபிக்சல் கேமரா 4000க்கு 3000 பிக்சல் படம் தரும். அந்தச் சட்டம் முழுவதும் ஒரே ஏ4 பக்கம் நிறைந்திருந்தால் தேவையான அளவுக்கு மேலேயே கிடைத்துவிடும். அதே அளவுள்ள இரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒரே படத்தில் எடுத்தால் 240 டிபிஐ அளவுக்கு இறங்கிவிடும். நேரம் மிச்சம் என்று தோன்றும், ஆனால் அடிக்குறிப்புகளில் இருக்கும் பொடி எழுத்தெல்லாம் போய்விடும். ஆகவே ஒரு படம், ஒரு பக்கம்.

வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து பரவலாக வர வேண்டும். ஜன்னலோரம் நல்ல இடம். விளக்கு என்றால் இருபுறமும் ஒவ்வொன்று, சாய்வாக. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வழுவழுப்பான தாளில் நடுவே வெள்ளைத் திட்டு விழுந்து, அந்த இடத்து வரிகள் காணாமல் போகும். தாள் மெல்லியதாக இருந்தால் பின்பக்க எழுத்து முன்னால் நிழலாடும். படிக்கிற பக்கத்துக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளைச் செருகுங்கள், அது பெரும்பாலும் மறைந்துவிடும். இதைப் பலரும் செய்வதில்லை, ஆனால் பழைய புத்தகங்களில் இவ்வளவு பலன் தரும் வேலை வேறொன்றில்லை.

போனைப் பக்கத்துக்கு நேர் மேலே, இணையாகப் பிடிக்க வேண்டும். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டால் சாய்வு தெரியும். மிகக் கிட்டே போனால் சில போன்கள் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறி ஓரங்களை வளைத்துவிடும். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். கை ஆட்டத்துக்கு 2 வினாடி டைமர் போதும். புத்தகத்தை முழுக்க விரித்துத் தட்டையாக அழுத்தாதீர்கள், முதுகு உடையும். ஒரு பாதியைச் சுவரிலோ வேறு புத்தகத்திலோ சாய்த்து நிறுத்தினால் மறுபாதி தானாகவே தட்டையாகும், தையலோரத்து எழுத்துகளும் வளையாது.

அப்புறம் பதப்படுத்தல். ஓரங்களை வெட்டி, சாய்வை நேராக்கினால் போதும். ஸ்கேன் ஆப்களில் இருக்கும் பளிச்சென்ற கறுப்பு வெள்ளை ஃபில்டரைக் கண்டு மயங்க வேண்டாம். கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் மங்கலான அச்சில் முதலில் அழிவது புள்ளிதான். சாம்பல் நிறப் படமாகவே கொடுங்கள். டெசராக்ட் போன்ற ஓசிஆர் மென்பொருள்கள் கறுப்பு வெள்ளையாக்கும் வேலையைத் தாமே செய்துகொள்ளும். இரண்டு பத்திகளாக அச்சிட்ட பக்கமென்றால் பத்திபத்தியாக வெட்டிக் கொடுப்பது நல்லது, இல்லையென்றால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்துவிடலாம். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தீராத சிக்கல்களும் உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் 'ணை', 'லை', 'றா' போன்றவை வேறு வடிவில் இருக்கும்; அவற்றைக் கையால் திருத்தத்தான் வேண்டும். இன்னொன்று, 'ர'வும் துணைக்காலும். 'அரசு' என்பது 'அாசு' என்று வரும், 'வரி' என்பது 'வாி' ஆகும். கண் இதைப் பிடிக்காது, ஆனால் தேடலில் அந்தச் சொல் சிக்கவே சிக்காது. நல்லவேளையாக, தமிழில் உயிரெழுத்துக்குப் பின் துணைக்கால் வராது, துணைக்காலுக்குப் பின் புள்ளியோ சுழியோ வராது. அதனால் 'அா', 'ாி', 'ா்' ஆகியவற்றைத் தேடி முறையே 'அர', 'ரி', 'ர்' என்று மொத்தமாக மாற்றிவிடலாம். முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள்.

கடைசியில் எண்கள். சொல் பிழையாக வந்தால் படிக்கும்போது உறுத்தும். 1853 என்பது 1858 ஆகியிருந்தால் உறுத்தாது, அப்படியே மனப்பாடமாகிவிடும். ஆண்டு, சட்டப்பிரிவு, வாய்பாடு வரும் வரிகளை மட்டுமாவது படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே குறிப்பில் சேருங்கள். அதற்காகவே மூலப் படங்களைப் பக்க எண்ணையே பெயராக வைத்துச் சேமியுங்கள், தேர்வு முடியும்வரை அழிக்காதீர்கள்.