வெறுங்கை முழம்

மார்ச் 2

இரவு முழுக்க நைட் ஹெரான் என்ற கயாக்கின் படங்கள். கயாக் என்றால் கால்நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு. 18 அடி நீளம், 20 அங்குல அகலம். இதை வடிவமைத்தவர் தன் படகுகளுக்கு நீர்ப்பறவைகளின் பெயரைச் சூட்டுகிறார்; இது வக்கா. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில்கூட இதில் ஒன்றை வைத்திருக்கிறார்கள். வாழ்நாளில் முதல் கயாக்காக அருங்காட்சியகத்துப் படகைச் செய்யத் துணிகிறவனை என்னவென்று சொல்வது? இருக்கட்டும். முடிவு செய்தாயிற்று. நாளைக் காலை வரைபடத்துக்குப் பணம் கட்டிவிடுகிறேன்.

மார்ச் 3

கட்டவில்லை.

மார்ச் 5

வேகக் கணக்கு போட்டேன். நீர்க்கோட்டின் நீளத்தை, அதாவது படகு தண்ணீரைத் தொடும் நீளத்தை, அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கடல் மைல் என்று உச்ச வேகம் ஏறத்தாழக் கிடைக்கும். 16 அடிக்கு 5.36. 14 அடிக்கு 5.01. இரண்டடி மரமும் பசையும் உழைப்பும் செலவழித்துக் கிடைப்பது மூன்றிலொரு கடல் மைல். அதுவும் அந்த வேகத்தை எட்டினால்தான். நாள் முழுக்கத் துடுப்புப் போடும் சாதாரண ஆள் மூன்று, மூன்றரையில்தான் போவான். அந்த நிதானத்தில் படகைப் பிடித்து இழுப்பது தண்ணீரின் உராய்வு. நீளம் கூடினால் நனையும் பரப்பும் கூடும், உராய்வும் கூடும். ஆக, நான் ஒருநாளும் போகப் போகாத வேகத்துக்காக, போகப் போகிற வேகத்தில் கூடுதல் பாரம் இழுப்பேன்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் 18 அடிதான் அழகாக இருக்கிறது.

மார்ச் 6

இடது தோள் காயத்தால் வலது பக்கமே படுத்து விலா மரத்துப்போகிறது. இன்னும் ஐந்து வாரம்.

மார்ச் 9

தோள் பயிற்சிக்குப் போனேன். அடுத்த கட்டத்தில் இடது கையில் அரைக் கிலோ கொடுப்பார்களாம். கொடுத்தால்.

மரக்கீற்று ஒவ்வொன்றும் ஆறு மில்லிமீட்டர் கனம், இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். செடார்தான் பலரும் எடுப்பது, எடை குறைவு என்பதால். கீற்றோடு கீற்றை ஒட்டி, இழைத்து, உள்ளும் புறமும் கண்ணாடி இழைத் துணி போர்த்தி எபாக்ஸி பிசின் பூசவேண்டும். துணியின் நெசவை நிரப்பியதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு துளியும் வெறும் எடை, பலம் இல்லை. கவனமாகச் செய்தாலும் 17 அடிப் படகு 18-இலிருந்து 23 கிலோவரை வரும். இருபது என்று வைத்துக்கொள்வோம். அரைக் கிலோவைப் போல நாற்பது மடங்கு.

மார்ச் 10

நாற்பது மடங்கு.

மார்ச் 14

இன்று நல்ல நாள். கிரீன்லாந்தில் பழைய காலத்தில் கயாக்குக்கு அளவுகோல் இல்லை, உடம்புதான் அளவு என்று படித்தேன். கைகளை விரித்தால் வருவதைப் போல மூன்று மடங்கு நீளம். இடுப்பும் இரண்டு முஷ்டியும் சேர்ந்தால் அகலம். உட்காரும் இடத்தில் ஆழம், ஒரு முஷ்டியும் நீட்டிய கட்டைவிரலும். அவை தோல் போர்த்திய படகுகள், மரக்கீற்றுப் படகுகள் அல்ல. ஆனால் சாணும் முழமுமாக வளர்ந்த நமக்கு இது சட்டென்று விளங்கிவிடுகிறது.

சுவரில் சாய்ந்து நின்று கைகளை விரித்தேன். வலது கைதான் விரிந்தது. நடுமார்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அக்கா அளந்தாள்: 33 அங்குலம். இரட்டித்தால் 66. மூன்று மடங்கு 198. பதினாறரை அடி. பாதி மனிதனை அளந்து முழுப் படகு போட்டாயிற்று.

இடுப்பு 15, முஷ்டி மூன்றரை, இரண்டு முஷ்டி ஏழு. 22. முஷ்டியை இறுக்கி மூடி மறுபடி அளந்தேன். மூன்றேகால். இன்னும் இறுக்கினால் 20-க்குக் கொண்டுவந்துவிடலாம் போலிருந்தது. அக்கா அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மார்ச் 15

கூடத்துத் தரையில் சுண்ணக்கட்டியால் படகின் உருவத்தை வரைந்தேன். அணியம் சமையலறை வாசலில் முட்டுகிறது, பின்முனை கட்டிலுக்கு அடியில். அக்கா வந்து பார்த்தாள். "தம்பி, கொலை நடந்த இடத்தில் போலீஸ் வரைகிற கோடு மாதிரி இருக்கிறது" என்றாள். பிறகு அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள், நாள் முழுக்க.

மாலையில் இரண்டு முக்காலிகளை 20 அங்குல இடைவெளியில் போட்டு நடுவில் கால்நீட்டி உட்கார்ந்தேன். இடுப்பு தாராளமாக நுழைந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. ஒரு கையை ஊன்றி எழுந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. தண்ணீரில் அந்தச் சாய்வு என்ன செய்யும் என்று தெரியும். பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கூப்பிட வெட்கமாக இருந்தது.

மார்ச் 18

ஒரு தந்திரம் கிடைத்துவிட்டது! படகின் குறுக்குவெட்டு வடிவில் வெட்டிய அச்சுச் சட்டங்களை ஓரடிக்கு ஒன்றாக நிறுத்தித்தான் கீற்றுகளை வளைக்கிறார்கள். அந்த இடைவெளியை 12 அங்குலத்திலிருந்து 11 ஆக்கினால் போதும், ஒரு சட்டத்தைக்கூடத் திருத்தாமல் 18 அடிப் படகு பதினாறரை அடியாகிவிடும். என் கணக்கிலும் பதினாறரைதான்! வக்காவும் நானும் ஒரே அளவு.

இரவு, பின்குறிப்பு: அகலம் மட்டும் 20 அங்குலமாகவே இருக்கும். மிதக்கும் கொள்ளளவும் பன்னிரண்டில் ஒரு பங்கு குறையும், நான் குறையமாட்டேன், ஆகவே இன்னும் கீழே அமிழும்.

மார்ச் 19

வெறுங்கையால் முழம் போடுவது என்பார்கள். என்னிடம் ஒரு கைதான் இருக்கிறது, அதனால் அரை முழம்.

யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

மார்ச் 22

அழகைத் தள்ளிவைத்து, செய்ய முடியுமா என்று மட்டும் பார்க்கிறேன். முனைகளில் உள்வாங்கிய வளைவு இருந்தால் இழைப்புளி அங்கே படுக்காது, உப்புத்தாளைக் கையில் சுருட்டித் தேய்க்கவேண்டும். கூர்மையான மடிப்பு இருந்தால் கீற்றுகள் அந்த இடத்தில் திரும்ப மறுக்கும்; ஒவ்வொன்றின் விளிம்பையும் சாய்வாகச் சீவிப் பொருத்தவேண்டும். முனையை நெருங்க நெருங்கக் கீற்று முறுகும். எவ்வளவு முறுக்கமோ அவ்வளவு நேரம் ஒரு கை பிடித்திருக்க, மறு கை அடிக்கவேண்டும்.

ஒரு கை பிடித்திருக்க. மறு கை.

அதே பறவை வரிசையில் கிரேட் ஆக் என்று ஒன்று. அகலமானது, உள்ளே இடம் அதிகம், புதிதாகத் துடுப்பெடுப்பவர்களுக்குப் பொறுமையானது. அந்தப் பறவைக்குப் பறக்க வராது. கடைசி ஜோடியை 1844-இல் ஐஸ்லாந்துக்கு அருகே ஒரு பாறைத்தீவில் கொன்றார்கள். இந்தப் பெயரையா எழுதுவது என் படகின் நெற்றியில்?

மார்ச் 23

எழுதவேண்டியதில்லையே. பெயர் என் இஷ்டம்.

மார்ச் 27

அகலம் விடமாட்டேன் என்கிறது. அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும் அடிப்பகுதி, உட்கார்ந்தவுடன் திண்ணைபோல் அசையாமல் நிற்கும். ஆனால் அலை சாய்ந்தால் அலையோடு சேர்ந்து தானும் சாயும். குறுகி உருண்டிருப்பது முதல் நாள் நடுங்கவைக்கும். பழகியவனை அலையில் நிமிர்ந்திருக்க விடும். 'பழகியவன்' என்ற சொல்லைத்தான் இத்தனை நாளாகக் கண் தாண்டிப் போயிருக்கிறது.

இன்று அரைக் கிலோ கொடுத்தார்கள். ஆறு முறை தூக்கினேன். ஏழாவது முறை தோளுக்குள் ஏதோ மணல் அரைபடுவது போல ஒரு சத்தம். பயிற்சியாளர் ஒன்றுமில்லை என்றார். எழுதும்போதும் கேட்கிறது.

மார்ச் 28

கிரேட் ஆக் வரைபடத்துக்குப் பணம் கட்டினேன். மனம் மாறுவதற்குள், காலை ஆறு மணிக்கு.

ஏப்ரல் 4

காகிதங்கள் வந்துவிட்டன. முதல் வேலையாக அளவுக்கோட்டில் ஸ்கேலை வைத்துச் சரிபார்த்தேன். காகிதம் ஈரத்தில் நீளும், சுருங்கும். சரியாகவே இருக்கிறது. நடுச் சட்டத்தை மட்டும் ப்ளைவுட்டில் ஒட்டி, முக்காலியின்மேல் வைத்து, அக்கா பிடித்துக்கொள்ள, வலது கையால் ரம்பத்தை இழுத்தேன். கோட்டுக்கு வெளியே ஒரு மயிரிழை விட்டுத்தான் வெட்டவேண்டும், மீதியை அரத்தால். ஒரு சட்டத்துக்கு இரண்டு மணி நேரம். அக்கா ஒருமுறைகூடக் கை வலிக்கிறது என்று சொல்லவில்லை. முடிந்ததும் சுவரோரம் போய் மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

வெட்டியதை என் மடிமேல் நிறுத்திப் பார்த்தேன். இரண்டு பக்கமும் முஷ்டி நுழைகிறது. வலது முஷ்டியை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 5

சுண்ணக்கட்டிக் கோட்டை அக்கா துடைத்துவிட்டாள். அணியம் மட்டும் சமையலறை வாசலில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

ஏப்ரல் 6

நாளை எக்ஸ்ரே. இன்னொரு சட்டத்தை ஒட்டி வைத்திருக்கிறேன், பசை காய்கிறது.