கத்திரி வெயிலிலும் போர் தண்ணீரிலும் ஒரு செடித்தொட்டி

மீன்தொட்டியில் செடி வளர்ப்பது பற்றித் தேடினால் கிடைக்கும் குறிப்புகளில் பாதிக்கு மேல் ஹீட்டரை எத்தனை டிகிரியில் வைப்பது என்றுதான் தொடங்கும். சென்னையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இங்கே நாம் பார்க்க வேண்டியவை இரண்டு: வெயில், அப்புறம் தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் ஆயிரத்தை ஒட்டிக் காட்டும். அமிலமா காரமா என்று சொல்லும் பி.எச். எட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். இந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டாமல், இதிலேயே செழிக்கிற செடிகளை வைத்து, செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு கொடுக்கும் சிலிண்டர் இல்லாமல் ஒரு தொட்டியை நிலைநிறுத்த வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஐப்பசி மழையில் ஆரம்பித்துக் கத்திரி வெயில் வரை நடந்ததை எழுதி வைக்கிறேன்.

ஐப்பசி: தொட்டியும் மண்ணும்

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். மண்ணும் கல்லும் போக உண்மையில் நிற்பது 45 லிட்டர் அளவுதான். தண்ணீர், மண், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் ஒரு ஆளின் எடை வரும் என்பதால் ஆடாத மேசையாகப் பார்த்து, கீழே தெர்மாகோல் விரித்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். ஜன்னல் வெயில் நேராக விழாத சுவரோரம்தான் இதற்கு நல்ல இடம்.

அடிமண்ணுக்கு நான் எடுத்தது வால்ஸ்டாட் முறை. அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் 1999-இல் எழுதிப் பரப்பிய வழி இது: கீழே சாதாரண மண், மேலே மணல் மூடி, நிறைய செடி, கொஞ்சம் மீன். எரு கலக்காத செம்மண்ணைச் சலித்து, தண்ணீரில் ஊறவைத்து, மேலே மிதப்பதைக் கொட்டிவிட்டு ஓரங்குலத்துக்குப் பரப்பினேன். அதன்மேல் ஒன்றரை அங்குலத்துக்குப் பொடிக்கல். சாண எருவோ மண்புழு உரமோ கலந்த மண் வேண்டாம். அம்மோனியாவைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பொடிக்கல்லை வாங்குமுன் ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. ஏற்கெனவே கடினமான தண்ணீரை அது இன்னும் கடினமாக்கும்.

தொட்டிக்குள் வைக்கும் கட்டைக்குத் தோல் உரித்து நன்றாகக் காயவைத்த கொய்யாக் கிளை. வேகவைத்து ஊறப்போட்டும் தண்ணீர் கொஞ்ச நாள் டீ நிறத்தில்தான் இருந்தது. அது கட்டையிலிருந்து கசியும் டானின் என்ற சாயம்தான், கெடுதல் இல்லை. நம் தெருவில் உதிரும் நாட்டு வாதுமையின் காய்ந்த இலையும் இதே வேலையைச் செய்யும். வெளிநாட்டில் அதைப் பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்கள்.

செடிகள்

செடிக்கும் மீனுக்கும் சென்னையில் கொளத்தூரை விட்டால் வேறு இடம் எனக்குத் தோன்றாது. நாட்டின் பெரிய வண்ணமீன் சந்தைகளில் ஒன்று அது. காலையிலேயே போய்விட்டால் புது மூட்டை பிரிப்பதைப் பார்க்கலாம்.

எதை வாங்குவது என்பதில்தான் இந்தத் தொட்டியின் முழு விஷயமும் இருக்கிறது. செடிக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு, காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். ஜப்பானின் தகாஷி அமானோ உலகத்துக்குக் காட்டிய பச்சைப் புல்வெளித் தொட்டிகளுக்கு வலுவான விளக்கோடு வாயுவையும் செலுத்துவது இதற்காகத்தான். ஆனால் பி.எச். எட்டில் நிற்கும் கடினநீரில் கார்பன் வேறு வடிவத்தில், பைகார்பனேட்டாக, ஏராளமாகக் கரைந்து கிடக்கிறது. எல்லாச் செடிகளாலும் அதை எடுக்க முடியாது. வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் எடுக்கும். குளிக்கக்கூடப் பிடிக்காத இந்த உப்புத் தண்ணீர் அவற்றுக்குச் சாப்பாடு! இதைப் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அதனால் பின்வரிசை முழுக்க வாலிஸ்நேரியா. வலது மூலையில் ஹைக்ரோபைலா டிஃபார்மிஸ். நம் நீர்முள்ளியின் இனத்தைச் சேர்ந்தது, இந்தியத் துணைக்கண்டத்துச் செடி, வேகமாக வளரும். நடுவில் நீர்ப்பிரம்மி. வயல் ஓரத்தில் பார்க்கிற அதே நீர்ப்பிரம்மிதான். தண்ணீருக்குள்ளும் நிமிர்ந்து வளரும், உலகமெங்கும் தொட்டிக்காரர்கள் பகோபா என்று வாங்குவது இதைத்தான். முன்பக்கம் இலங்கையின் கிரிப்டோகோரைன் வெண்ட்டி. கட்டையின் மேல் அனுபியாஸும் ஜாவா பெரணியும். இந்த இரண்டையும் நூலால் கட்ட வேண்டும். கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும்.

குளத்திலிருந்து எடுத்த செடி என்றால் படிகாரக் கரைசலில் ஊறவைத்து அலசாமல் உள்ளே விடாதீர்கள். நத்தைமுட்டை வந்தால்கூடப் பரவாயில்லை. தட்டாம்பூச்சியின் குஞ்சுப் பருவம் தண்ணீருக்குள்தான், அது மீன்குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும்.

கார்த்திகை, மார்கழி: மீன் இல்லாத தொட்டி

இந்த மாதங்களில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: மீன் எங்கே? மீனை விடாமல் காத்திருப்பதுதான் இந்த வேலையின் முக்கியமான பகுதி என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொன்று அதை நைட்ரேட்டாக மாற்றும். இவை பெருகி நிலைக்கப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நம் ஊரில் இதில் அவசரமே கூடாது, ஏனென்றால் அம்மோனியாவின் விஷம் பி.எச்.சையும் வெப்பத்தையும் பொறுத்தது. பி.எச். 7, வெப்பம் 25 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் விஷ வடிவில் இருக்கும். பி.எச். 8, வெப்பம் 30 டிகிரி என்றால் அதுவே 7 சதவீதத்தைத் தாண்டும். அதாவது டெஸ்ட் கிட்டில் ஒரே நிறம் காட்டினாலும் நம் தண்ணீரில் ஆபத்து பல மடங்கு.

இதற்கிடையில் செடிகள் இலை உதிர்த்தன. நர்சரியில் பல செடிகளைத் தண்ணீருக்கு மேலேதான் வளர்க்கிறார்கள். உள்ளே வந்ததும் பழைய இலை கரைந்து, வேறு வடிவத்தில் புது இலை வரும். கிரிப்டோகோரைன் மொத்தமாகவே கரைந்துபோகும். பிடுங்கக் கூடாது, வேர் உயிரோடுதான் இருக்கும். மார்கழிக் குளிரில் என் செடிகள் ஒவ்வொன்றாகச் சுருள் இலை விட்டன. கண்ணாடியில் பழுப்புப் பாசியும் படிந்தது. அது டயட்டம், புதுத் தொட்டியில் வருவதுதான். ஸ்பாஞ்சால் துடைத்தால் போதும். விளக்கு 6500 கெல்வின் எல்.இ.டி., டைமர் வைத்து நாளுக்கு ஆறு மணி நேரம்.

மழைநீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2003-இல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதால் மாடிக் குழாய் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. முதல் மழையில் மாடி கழுவிப் போகட்டும் என்று விட்டு, அடுத்தடுத்த மழையை டிரம்மில் பிடித்து மூடி வைத்தேன். ஒரு பங்கு போர் தண்ணீருக்கு இரண்டு பங்கு மழைநீர் கலந்தால் டி.டி.எஸ். முந்நூற்றைம்பது அளவில் வரும். வாலிஸ்நேரியாவுக்கு வேண்டிய கடினமும் இருக்கும், மீனும் நன்றாக இருக்கும்.

தை: மீன்

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்திலேயே நின்ற பிறகு ஒரு ஜோடி ஹனி குராமி. வடகிழக்கு இந்தியாவிலும் வங்கதேசத்திலும் வாழும் சின்ன மீன். வாயை மேலே நீட்டிக் காற்றையும் சுவாசிக்கும் என்பதால் வெயில் காலத்தை எண்ணித்தான் தேர்ந்தெடுத்தேன். கூடவே செர்ரி இறால். கடையில் மிஸ் கேரளா என்ற மீனைக் காட்டி ஆசை மூட்டுவார்கள். அழகில் அதற்கு இணையில்லை. ஆனால் ஓடுகிற ஆற்றுநீரில் கூட்டமாக வாழ்ந்து நாலைந்து அங்குலம் வளரும் மீன் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டாறுகளில் அழியும் நிலைப் பட்டியலிலும் இருக்கிறது. இரண்டடித் தொட்டி அதற்குப் போதாது.

சித்திரை, வைகாசி: வெயில்

25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 30 டிகிரியில் 7.6 தான். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதால் விடியற்காலைதான் இக்கட்டான நேரம். இரவு முழுக்க ஸ்பாஞ்ச் ஃபில்டரின் குமிழிகள் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருக்கும்படி வைத்தேன். கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப்.

குளிர்விக்க, மேல் மூடியை எடுத்துவிட்டு ஒரு சின்ன கிளிப் ஃபேனைத் தண்ணீரின் மேல் வீசவிட்டேன். வறண்ட மதியங்களில் மூன்று டிகிரி வரை இறங்கியது, கடற்காற்று புழுங்கும் நாளில் ஒன்றரைதான். ஐஸ் பாட்டில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரேயடியாக இறங்கி ஏறும் வெப்பம் சீரான 30 டிகிரியைவிட மீனை வாட்டும். ஃபேன் வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை மழைநீரால்தான் ஈடுகட்ட வேண்டும். அது தீர்ந்தபோது ஆர்.ஓ. தண்ணீர்.

கத்திரி முடியும்போது கணக்குப் பார்த்தால், வாலிஸ்நேரியா ஓட்டுத்தண்டு விட்டுப் பின்பக்கத்தை அடைத்துவிட்டது. ஹைக்ரோபைலாவை வாராவாரம் வெட்டுகிறேன். நீர்ப்பிரம்மி மெதுவாக, ஆனால் சலிக்காமல் வளர்கிறது. ஜாவா பெரணிக்கு மட்டும் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, இலையெல்லாம் கறுத்தது. இறால்கள் குஞ்சு பொரிப்பதை நிறுத்தியிருக்கின்றன. குளிர்ந்தால் தொடங்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றம். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிய வேண்டும், இல்லாவிட்டால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பழைய இலையில் ஊசித்துளைகள் விழுந்தபோது பொட்டாசியம் கொஞ்சம் சேர்த்தேன், புது இலைகள் சரியாக வந்தன.

அடுத்த ஐப்பசிக்குப் பெரிய டிரம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். மழைநீர் கூடுதலாகக் கிடைத்தால் நம் தென்னிந்தியாவின் சிவப்பு ரொட்டாலா மாக்ராண்ட்ராவை ஒரு தனித் தொட்டியில் முயல வேண்டும். மென்மையான நீர் கேட்கும் செடி அது, அதற்கு மட்டும் சிலிண்டரும் தேவைப்படும்.