குத்தூசி முனையில்

கப்பலில் ஏற்றும் அரிசியைத் தரம் பார்ப்பது என் வேலை. மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுத்தால் ஒரு கை அரிசி வரும். அதைத் தட்டில் கொட்டி முழு மணி, நொய், கல், பழுப்பு என்று பிரித்து எடை போட வேண்டும், ஈரப்பதம் பார்க்க வேண்டும். இதில் அரசியலுக்கு என்ன வேலை என்றுதான் சேர்ந்த புதிதில் நினைத்தேன்.

2023 ஜூலை 20 அன்று, பாசுமதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. அன்றைக்கு எங்கள் கப்பலின் அறைகளைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு மூட்டைகூட உள்ளே போகவில்லை. அறிவிக்கைக்கு முன்பே ஏற்றத் தொடங்கிய கப்பலுக்கு விலக்கு உண்டு என்று தெரிந்ததும் சரக்குக்காரரின் ஆள் போன் செய்தார். “சார், மத்தியானமே ஏத்த ஆரம்பிச்சதா எழுதிடுங்க, ஒரு வரிதானே!” நான் எழுதவில்லை. லாரிகள் சரக்கோடு ஆலைக்குத் திரும்பின.

உள்நாட்டில் விலை ஏறும்போது எந்த அரசும் கதவைச் சாத்தத்தான் பார்க்கும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உலகில் விளையும் அரிசியில் பத்தில் ஒரு பங்குதான் நாடு விட்டு நாடு போகிறது. அதிலும் ஏறக்குறைய 40 சதவீதம் அப்போது இந்தியாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. அந்தக் கதவைச் சாத்தினால், வாங்கித் தின்கிற நாடுகளில்தான் அடி விழும்.

அரசு விவசாயிக்கு விலையைக் கூட்டிக் கொடுத்தாலும் சிக்கல் வரும். தாய்லாந்து 2011இல் டன் நெல்லுக்கு 15,000 பாட் என்று, சந்தையை விட ஏறக்குறைய பாதி அதிகமாகக் கொடுத்தது. விவசாயிக்கு நல்லதுதான். ஆனால் எந்த நெல்லுக்கும் நல்ல விலை என்றால் சீக்கிரம் விளைகிற ரகத்தைத்தானே போடுவார்? சுவை போயிற்று. அரசு வாங்கிய அரிசி விற்காமல் கிடங்கில் கிடந்து பழுப்பேறியது. அடுத்த ஆண்டே ஏற்றுமதியில் முதலிடம் இந்தியாவுக்குப் போய்விட்டது. கிடங்கில் கிடந்த அரிசியைக் கண்டுபிடிக்க மீட்டர் தேவையில்லை, மோந்தாலே போதும்.

சரி, ஜூலைக்கு வருகிறேன். தடை பச்சரிசிக்குத்தான், புழுங்கலுக்கு இல்லை. ஆகஸ்ட் 25 அன்று அதற்கு 20 சதவீத வரி மட்டும் வந்தது. சில வாரம் கழித்து அதே சரக்குக்காரரின் மூட்டைகள் மறுபடி வந்தன, புழுங்கல் என்ற அச்சோடு. தட்டில் கொட்டினேன். புழுங்கலில் மாவு வெந்து இறுகிவிடுவதால் மணி கண்ணாடி மாதிரி இருக்கும். இதில் மணிக்கு மணி வயிற்றில் வெள்ளை. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், மாவாக உடைந்தது.

முத்திரை வைத்த மாதிரிப் பைகளைச் சில மாதம் பத்திரப்படுத்துவோம். அவருடைய ஜூலை மாதப் பச்சரிசிப் பையை அலமாரியிலிருந்து எடுத்து இன்னொரு தட்டில் கொட்டிப் பக்கத்தில் வைத்தேன். சரக்குக்காரரின் ஆள் இரண்டையும் பார்த்தார்.

“வெயில்ல காஞ்சா அப்படித்தான் சார் ஆகும்” என்றார்.