இன்னொரு என்சைம் பார்த்தியா?

"மேடம், ஐஸ் கரைஞ்சு போச்சு. பரவாயில்லையா?"

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. காலை எட்டு மணிகூட ஆகவில்லை. லேப் வாசல் பெஞ்சில் ஒருவர் தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெற்கே ஒரு சின்ன ஊர். கூரியரில் அனுப்பினால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள், இவருக்கு மனசு கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் எடுத்த ரத்தத்தோடு ராத்திரி பஸ் ஏறிவிட்டார். பெட்டிக்குள் பச்சை மூடி போட்ட ஒரு ட்யூப், அதைச் சுற்றிப் பழைய துண்டு, ஓரத்தில் தண்ணீராகிப்போன ஐஸ் பேக்.

பரவாயில்லை என்று சொன்னேன். நிஜமாகவே பரவாயில்லை. கரையாத ஐஸ் ட்யூபோடு ஒட்டிக்கொண்டு வந்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதற்கு ஒரு கதை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

படிவத்தைப் பார்த்தேன். பெண் குழந்தை, நாலு வயது. மண்ணீரல் வீக்கம், ப்ளேட்லெட் குறைவு. பெற்றோர் சொந்தமா என்ற கட்டத்தில் "ஆம், அக்கா மகள்". சந்தேகம் என்ற இடத்தில் டாக்டர் எழுதியிருந்தது கோஷே நோய். அந்தப் பிரெஞ்சு டாக்டரின் பெயரைக் கோஷே என்றுதான் உச்சரிக்க வேண்டுமாம். எங்கள் லேபில் பாதிப் பேருக்கு அது இன்னமும் காச்சர்தான்.

நான் பயோகெமிஸ்ட். லைசோசோம் சேமிப்பு நோய்களுக்கான என்சைம் பெஞ்சில் பத்து வருஷமாக நிற்கிறேன். லைசோசோமை எல்லோரும் செல்லின் குப்பைத்தொட்டி என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்காது. அது பழைய இரும்பு பேப்பர் கடை. வந்து விழுவதைப் பிரித்து, தரம் பார்த்து, திரும்ப விற்றுவிடுகிற இடம். பிரிப்பதற்கு என்சைம்கள் என்று ஏகப்பட்ட ஆட்கள், ஆளுக்கு ஒரு வேலை. அதில் ஒருவர் பிறவியிலிருந்தே வரவில்லை என்றால் அவர் பிரிக்க வேண்டிய சரக்கு மட்டும் குவியும். எந்த ஆள் இல்லை என்பதைப் பொறுத்து நோயின் பெயர் மாறும். இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன. கோஷேயில் இல்லாத ஆள் குளூக்கோசெரிப்ரோசிடேஸ். செத்த ரத்த செல்களின் சவ்வுக் கொழுப்பு, அவற்றை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த மேக்ரோஃபேஜ்கள் மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் ஊதிக்கொண்டே போகின்றன.

ஆள் வரவில்லை என்பதை எப்படிப் பார்ப்பது? ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, உடைத்து, அதில் ஒரு பொய்த்தீனியைப் போடுவோம். 4-மெத்தில்அம்பெல்லிஃபெரோன் என்ற பொருளில் ஒரு சர்க்கரையை ஒட்டவைத்த சப்ஸ்ட்ரேட் அது. என்சைம் இருந்தால் அந்த இணைப்பை வெட்டிவிடும். 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுக் காரத்தன்மையுள்ள பஃபரை ஊற்றினால் வேலை நின்றுவிடும். வெட்டுப்பட்டு வெளியே வந்த பொருள் புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும். ரீடரில் வைத்தால் எண் வரும். ஆனால் அதற்கு முன்னால் ப்ளேட்டை இருட்டில் விளக்குக்கு அடியில் ஒரு தடவை பார்க்காவிட்டால் எனக்குத் திருப்தி இருக்காது. சொட்டு நீலம் விட்ட வாளித் தண்ணீரில் வெயில் விழுந்த மாதிரி இருக்கும் அந்த நீலம்.

இப்போது அந்தக் கதை. வேலைக்குச் சேர்ந்து ஆறேழு மாதம் இருக்கும், மே மாதம். கைக்குழந்தை ஒன்றின் சாம்பிள் வந்தது, பீட்டா கேலக்டோசிடேஸ் என்ற என்சைமைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. முதல்முறையாக நானே ஒரு நோயைப் பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு குதி. இப்போது நினைத்தால் கூசுகிறது. ரிப்போர்ட்டை டைப் அடித்துவிட்டுக் கையெழுத்துக்காக எங்கள் சீனியர் மேடத்திடம் போனேன். அவர் பேப்பரை வாங்கக்கூட இல்லை.

"இன்னொரு என்சைம் பார்த்தியா?"

பார்க்கவில்லை. சப்ஸ்ட்ரேட் விலை அதிகம், வீணாக்கக் கூடாது என்று நானாக மிச்சம் பிடித்திருந்தேன். ஃப்ரிட்ஜில் மீதி இருந்ததை எடுத்து ஹெக்சோசமினிடேஸ் போடச் சொன்னார். அதுவும் படுத்திருந்தது. சம்பந்தமில்லாத இரண்டும் சேர்ந்து படுத்தால் கோளாறு பெரும்பாலும் சாம்பிளில்தான். அப்புறம் வரிசையாகக் கேட்டார். பெல்லட், அதாவது பிரித்த வெள்ளை அணுக்கள் ட்யூப் அடியில் படியும் கட்டி, என்ன நிறம்? சிவப்பு. ட்யூப் எப்படி வந்தது? ஐஸ் மேலேயே படுத்துக்கொண்டு வந்தது. ஐஸ் பட்டு உறைந்துபோன ரத்தத்தில் செல்கள் உடைந்துபோகும். வெள்ளை அணு கொஞ்சம்தான் தேறும், அதோடு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினும் சேர்ந்து வரும். நாங்கள் என்சைமை ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்கிடுகிறோம். ஹீமோகுளோபினும் புரதம்தானே, வகுக்கும் எண் பெருத்துவிட்டது. பெல்லட் சிவப்பாக இருப்பதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். பார்த்துவிட்டு மேலே போயிருந்தேன்.

புது ரத்தம் வரவழைத்தோம். எல்லாம் நார்மல். அந்தக் குழந்தைக்கு வேறு ஏதோ பிரச்சினை, ஆனால் இது இல்லை. மருந்தே இல்லாத ஒரு நோயின் பெயரை அந்த வீட்டுக்குள் அனுப்பப் பார்த்தேன், டைப் கூட அடித்துவிட்டேன். அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

மேடத்தின் அந்தக் கேள்வி அவருடைய சொந்தச் சரக்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். லைசோசோம் பிறந்த கதையைப் படித்தபோதுதான் வேர் எங்கே என்று தெரிந்தது. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் 1949 வாக்கில் கிறிஸ்டியன் டி டூவ் குழு இன்சுலின் கல்லீரலில் என்ன செய்கிறது என்று தேடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு வேண்டிய என்சைம் குளூக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் வைத்துக்கொண்டது ஆசிட் பாஸ்பட்டேஸ். அதாவது அவர்களுடைய "இன்னொரு என்சைம்". அது வர வேண்டியதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. சாம்பிளை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஐந்து நாள் கழித்துத் திரும்பப் பார்த்தால் எகிறி நிற்கிறது! வேறு யாராவது என்றால் முதல் நாள் தப்பாகப் பண்ணிவிட்டோம் என்று சொல்லிக் கொட்டியிருப்பார்கள். நான் நிச்சயம் கொட்டியிருப்பேன். அவர்கள் துரத்திக்கொண்டு போனார்கள். என்சைம் ஒரு பைக்குள் அடைபட்டிருக்கிறது, பை நைந்ததும் வெளியே வருகிறது. 1955இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார் டி டூவ். 1974இல் நோபல் பரிசு. அதே குழுவில் இருந்த ஹென்றி ஜெரி ஹெர்ஸ் என்பவர்தான் 1963இல், பாம்பே என்ற சேமிப்பு நோயில் இல்லாதது ஆசிட் ஆல்ஃபா குளூக்கோசிடேஸ் என்ற என்சைம் என்று காட்டினார். பையில் ஒரு என்சைம் இல்லாவிட்டால் நோய் வரும் என்ற எண்ணமே அங்கிருந்துதான் கிளம்புகிறது. (இந்தப் பாம்பே டச்சு டாக்டர் ஒருவரின் பெயர். நம் மும்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வருஷம் ஒரு ட்ரெய்னியாவது கேட்டுவிடுவார்.)

இரண்டாவது என்சைமும் குறைந்தால் சாம்பிள் கெட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாமா என்றால் அதுவும் முடியாது. மல்டிபிள் சல்ஃபடேஸ் குறைபாடு என்று ஒன்று உண்டு. சல்ஃபடேஸ் வகை என்சைம்கள் எல்லாவற்றையும் வேலைக்குத் தயார்செய்கிற ஒரே ஒரு புரதம் பழுது, அதனால் மொத்தக் கும்பலும் படுத்துவிடும். அதற்கான மரபணுவைப் பிடித்தது 2003இல்தான். அதனால் சல்ஃபடேஸ் பார்க்கும்போது துணைக்கு இன்னொரு சல்ஃபடேஸும் வேண்டும், அந்தக் கும்பலைச் சேராத ஒன்றும் வேண்டும். கேலக்டோசியாலிடோசிஸ் என்று இன்னொன்று. அதில் பீட்டா கேலக்டோசிடேஸும் நியூராமினிடேஸும் ஜோடியாகக் குறையும், காரணம் இரண்டையும் காத்து நிற்கும் மூன்றாவது புரதம் இல்லாதது. ஐ-செல் நோய் இன்னும் குறும்பு. என்சைம்கள் உற்பத்தியாகும், ஆனால் லைசோசோமுக்குப் போகச் சொல்லும் மேனோஸ்-6-பாஸ்பேட் ஒட்டப்படாது. ஸ்டிக்கர் உதிர்ந்த கூரியர் மாதிரி எல்லாம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பிளாஸ்மாவில் அளந்தால் எகிறும், தோல் செல்லில் அளந்தால் இருக்காது. வெள்ளை அணுக்களை மட்டும் பார்த்துவிட்டுக் குறையில்லை என்று எழுதுகிறவர் நன்றாக மாட்டிக்கொள்வார்.

சரி, அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

பெல்லட் வெள்ளையாக வந்தது. நார்மல் கன்ட்ரோலுக்கு அன்று காலை எடுத்தது என் ரத்தம்தான் (முறை போட்டுக் கொடுப்போம், ஊசி குத்துகிற தங்கச்சிக்கு என் நரம்பு எங்கே என்று மனப்பாடம்). சாயங்காலம் விளக்கைப் போட்டேன். என் குழி நீலம். பாப்பாவின் குழி இருட்டு, சாம்பிளே போடாத பிளாங்க் குழிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்து வரிசையில் அதே லைசேட் (செல்களை உடைத்த கரைசல்), பீட்டா கேலக்டோசிடேஸ், என்னுடையதைப் போலவே பளிச்சென்று இருந்தது. பஸ் பயணத்தில் எதுவும் கெடவில்லை. பிளாஸ்மாவில் கைட்டோட்ரையோசிடேஸ் போட்டேன். கொழுப்பு நிரம்பிய மேக்ரோஃபேஜ்கள் இந்த என்சைமைக் கொட்டும், கோஷேயில் நூற்றுக்கணக்கான மடங்குகூட ஏறும். ரீடர் தாங்காமல் நீர்த்துப் போட வேண்டியிருந்தது.

கோஷே என்றால் மருந்தாவது இருக்கிறது. குறைபாடு எந்த என்சைமில் என்று 1965இல் காட்டிய அமெரிக்கர் ராஸ்கோ பிரேடி, அதே என்சைமை நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்து ஏற்றிப் பார்த்தார். முதலில் சரியாக வேலை செய்யவில்லை, போய்ச் சேர வேண்டிய மேக்ரோஃபேஜுக்குப் போதுமான அளவு போகவில்லை. என்சைமின் மேலிருந்த சர்க்கரைச் சங்கிலியின் நுனிகளைக் கத்தரித்து மேனோஸ் என்ற சர்க்கரை வெளியே தெரியும்படி செய்த பிறகுதான் மேக்ரோஃபேஜ் அதைப் பிடித்துக்கொண்டது. 1991இல் அமெரிக்காவில் அனுமதி. ஒரே நோயாளிக்கு ஒரு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான நஞ்சுக்கொடிகள் தேவைப்பட்டன. 1994லிருந்து ஹாம்ஸ்டர் எலியின் செல்களில் வளர்த்த என்சைம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுசு முழுக்க. மூளைக்குள் மட்டும் அது போகாது. அளவு உடல் எடையைப் பொறுத்தது, அதனால் குழந்தை வளர வளரச் செலவும் வளரும். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் இப்போது 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆயுசு முழுக்கப் போட வேண்டிய மருந்துக்கு உச்சவரம்பு வைத்தவர்கள் என்ன கணக்குப் போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் லேபில் ஒரு ட்யூபை நம்பி நோய் என்று எழுத மாட்டோம். புது சாம்பிளில் மறுபடி பார்ப்போம், அப்புறம் டி.என்.ஏ. டாக்டருக்கு போன் செய்து சொன்னேன். அடுத்த வாரம் அந்தத் தெர்மாகோல் பெட்டிக்காரரே திரும்ப வந்தார். அதே பெட்டி, அதே துண்டு.

"போன தடவை ஐஸ் கரைஞ்சதாலதானே மேடம் மறுபடி கேட்டீங்க?"

ரிசல்ட்டை நாங்கள் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்வார். ரெண்டு தடவை பார்ப்பது எங்கள் வழக்கம் சார் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் துண்டைப் பிரித்துக் காட்டினார்.

"இந்தத் தடவை ரெண்டு ஐஸ் பேக் வச்சேன். ட்யூப்ல படாம நடுவுல நியூஸ் பேப்பர் மடிச்சு வச்சிருக்கேன் பாருங்க."

பார்த்தேன். கச்சிதமாக வைத்திருந்தார்.